புரியாத செய்முறைக் குறிப்புகள்: நீங்கள் நேரில் கண்டவை

தோட்டப்பாளையம் வாசி:

ஒரு முழு நாளின் சிறுநீரைப் பரிசோதனைக்காக ஒரே கேனில் சேர்க்கும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பைப் பற்றி இங்கே அதிகம் விளக்கத் தேவையில்லை. வேலூருக்குச் சிகிச்சைக்காக வந்துபோனவர்களில் பலர் அந்தப் பெரிய கேனைத் தூக்கியிருப்பார்கள். நான் பணிபுரிந்த தனியார் ஆய்வகத்தில், சில பரிசோதனைகளுக்கு மட்டும் கேனுக்குள் சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முன்கூட்டியே ஊற்றிக் கொடுப்போம். அளக்க வேண்டிய பொருள் சிதையாமல் இருப்பதற்கு அதுதான் காவல்.

ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மறுநாள் கேனை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தார். மூடியைத் திறந்ததும் சோப்பு வாசனை வந்தது. “உள்ள தண்ணி மாதிரி என்னமோ நின்னுக்கினு இருந்துச்சும்மா. எங்க வூட்டம்மா நல்லாத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல கவுத்து வச்சுக் குடுத்தாங்க” என்று பெருமையோடு சொன்னார். கேனைக் கழுவக் கூடாது என்ற வரி நாங்கள் கொடுத்த தாளில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பின்பக்கத்தில், கட்டண விவரத்துக்கும் கீழே இருந்தது. காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரைக் கேனில் சேர்க்காமல், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின் வருவதையெல்லாம் மறுநாள் அதே நேரம் வரை சேர்க்க வேண்டும் என்பதும் அத்தாளில் இரண்டு வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தது. அந்த அம்மையார் செய்ததில் என்ன குற்றம்? வெளியிலிருந்து வந்த எந்தப் பாத்திரத்தையும் கழுவிவிட்டுப் புழங்குவதுதானே நல்ல குடும்பத்தின் பழக்கம்! எச்சரிக்கைகள் அனைத்தும் தாளின் தலைப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

வாணியம்பாடி டேனரிக்காரன்:

மேலே எழுதியவரின் அனுபவம் உண்மை, முடிவு தவறு. எல்லா எச்சரிக்கைகளையும் தலைப்பில் அடுக்கினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். படித்தாலும் உரிய கட்டம் வருவதற்குள் மறந்துவிடுவார்கள். எந்தச் செயலைக் குறித்து எச்சரிக்கிறோமோ அந்தச் செயலுக்கு நேர்முன்னால் அது நிற்க வேண்டும்.

தோல் பதனிடும் டேனரியில், பதனிடுவதற்கு முன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்பதைப் பிக்கிள் போடுவது என்போம். சுண்ணாம்பு நீக்கிய தோலை டிரம்மில் முதலில் உப்புத் தண்ணீரில் ஓட்டி, உப்பின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானியில் அளவு சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே, தண்ணீரில் கரைத்து ஆறவைத்த கந்தக அமிலத்தைத் தவணை தவணையாக விட வேண்டும். உப்பில்லாமல் அமிலம் பட்டால் தோல் ஊதிப்போகும். ஒரு தொழிற்சாலையில் டிரம்முக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் தண்ணீர், அமிலம், உப்பு என்ற வரிசையில் சதவீதங்கள் எழுதப்பட்டிருந்தன. அது கிடங்கிலிருந்து சரக்கு வாங்குவதற்காகத் தயாரித்த பட்டியல். புதிதாகச் சேர்ந்த இளைஞர் அதையே செய்முறை என்று எடுத்துக்கொண்டார். மேஸ்திரி டிரம்மை நிறுத்தி உள்ளே கையை விட்டபோது தோல்கள் நுங்கு போல் வழுக்கின. அவர் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்தார். ஆனால் சம்பளப் பிடித்தம் அந்த இளைஞருக்குத்தான் நடந்தது. தாளை எழுதியவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை என் மனத்தை அரிக்கிறது.

தோட்டப்பாளையம் வாசி:

டிரம்முக்குப் பக்கத்தில் தாள் ஒட்டலாம் ஐயா. எங்கள் நோயாளி கேனை வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். அங்கே ‘நேர்முன்’ என்ற இடம் எது? பிறகு கேனின் மூடியிலேயே ‘கழுவ வேண்டாம், உள்ளே மருந்து உள்ளது’ என்று ஒட்டினார்கள். அடுத்த வாரமே ஒருவர் அந்த மருந்தை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். நல்ல வேளையாகக் கேட்டார். ‘அமிலம், தொடாதீர்கள், கொட்டாதீர்கள்’ என்று அன்றைக்கே மாற்றி ஒட்டினோம்.

குடியாத்தம் ஆசிரியர்:

நீளமாக எழுதினால்தான் தெளிவு வரும் என்று இருவரும் கருதுவதாகத் தோன்றுகிறது. வேலூர் மக்களவைத் தொகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்தபோது நான் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர்களின் முகவர்களை வைத்துக்கொண்டு வாக்குப்பதிவு இயந்திரத்தில் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் பதிவுசெய்து, ‘குளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘கிளியர்’ என்ற பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தியாக வேண்டும். மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்டால் அவை உண்மை வாக்குகளோடு கலந்துவிடும். வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துக் கறுப்பு உறையில் வைத்து முத்திரையிட வேண்டும். இவை யாவும் கையேட்டில் பிழையின்றி இருந்தன. விடியற்காலையில், முகவர்கள் சூழ்ந்து நின்று நேரத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கையில், அந்தப் புத்தகத்தைப் புரட்ட எவருக்கும் கை வரவில்லை. எங்கள் தலைமை அலுவலர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அந்தப் பொத்தான்களின் முதலெழுத்துகளான ‘சி.ஆர்.சி.’ என்ற மூன்றெழுத்து மட்டுமே அதில் இருந்தது. பொத்தான்களை அழுத்தி, எண்ணிக்கை சுழியமாக நிற்பதை முகவர்களுக்குக் காட்டியபின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர், காட்பாடி:

ஆசிரியர் சொல்லும் துண்டுச் சீட்டு செய்முறை ஆகாது. பயிற்சி வகுப்பில் முன்பே செய்து பார்த்தவருக்கு அது நினைவூட்டல். ஒடுகத்தூர்ப் பெரியவரிடம் மூன்றெழுத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நான் கண்டது சிறிய நிகழ்ச்சி. கத்திரி வெயிலில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட, பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை அதன் பாட்டி முழுவதுமாக ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் தூள் அது. அவ்வளவு அடர்த்தியாகக் குடித்தால் குழந்தையின் உடலில் உப்பு ஏறிவிடும். 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடையில் கிடைப்பதால், முன்பு அதை வாங்கிப் பழகியிருந்த அவர் இதையும் அப்படியே நினைத்துவிட்டார். லிட்டர் என்ற சொல் உறையில் பொடி எழுத்தில் இருந்தது.

ஆகவே எழுதுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வாக்கியத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள். நிபந்தனையை முன்னால் வையுங்கள். ‘விளக்கு எரிந்தால் அழுத்தவும்’ என்பதை ‘அழுத்தவும், விளக்கு எரிந்தால் மட்டும்’ என்று எழுதினால் பாதியைப் படித்தவுடனே கை அழுத்திவிடும். ‘சிறிது நேரம்’, ‘போதுமான அளவு’, ‘நன்றாக’ என்ற மூன்றையும் அறவே விலக்குங்கள். எத்தனை நிமிடம், எத்தனை மில்லி என்று எழுதுங்கள், அளவுக் குவளை இல்லாத வீட்டுக்கு எந்தப் பாட்டிலில் அளக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செயல் சரியாக முடிந்தது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைக் கூறுங்கள். தேவையான பொருட்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி வேலையில் ஸ்பேனரைத் தேடி ஓடுவதைப் போல எரிச்சல் வேறில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசலை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும் என்பது போன்றவற்றைக் கலக்கும் கட்டத்தோடே சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வேலையை ஒருநாளும் செய்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, எதிரில் வாய் திறவாமல் உட்காருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். வாய் திறவாமல் இருப்பதுதான் கடினம். என்னிடம் பயின்ற மாணவர்களில் அநேகர் இதில்தான் தோற்றார்கள்.

காந்தி ரோடு மருந்தகம்:

ஐயா, இங்கே யாரும் பாடம் கேட்கவில்லை. ஆனாலும் கடைசி யோசனை சரியானதே. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள். காலை ஒன்று, பகலில் இல்லை, இரவு ஒன்று என்பதைக் காட்டும் 1-0-1 என்ற குறி அவர்களில் பலருக்குப் புரிவதில்லை என்பதால், மாத்திரை உறையில் படம் போடும் வழக்கத்தை எங்கள் முதலாளி கொண்டுவந்தார்: காலைக்கு அடிவானத்தில் அரைச் சூரியன், பகலுக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. மாலை நேர மாத்திரை ஒன்று வந்தபோது அதற்கும் அரைச் சூரியனையே வரைந்தார்.

லாட்ஜிலிருந்து இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு வந்த இளைஞர் ஒருவர், அவற்றை அருகருகே வைத்து, ஒன்றின்மேல் விரலை மேலே தூக்கியும் மற்றொன்றின்மேல் கீழே இறக்கியும் காட்டி, எது எது என்று புருவத்தை உயர்த்தினார். தாயின் இரத்த அழுத்த மாத்திரை அது. முதலாளி சற்று நேரம் உறைகளைப் பார்த்திருந்துவிட்டு, பேனாவை அவர் கையிலேயே கொடுத்தார். இளைஞர் தம் எழுத்தில் எழுதிக்கொண்டார். அதைப் படித்துக்காட்டச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கடிகாரத்தில் மணியைத் தொட்டுக்காட்டச் செய்த பிறகுதான் அவரை அனுப்பினோம். இப்போது பேனா எங்கள் கடையில் வாடிக்கையாளர் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது.