சபையில் ஒருவர் செய்த குற்றத்துக்குச் சபை நட்டஈடு கட்டவேண்டுமா?

உப்புவெளியான்:
ஞாயிறு ஆராதனை முடிந்து நிர்வாகக் கூட்டம். சிறுவர் பாதுகாப்பு விதிகள் எழுதுவோம் என்று ஒரு தங்கச்சி சொன்னதும், "நாளைக்கு வழக்கு வந்தால் எங்கள் தலையில்தானே விழும்" என்று பொருளாளர் எழும்பிவிட்டார். எனக்கும் அந்தப் பயம்தான். செய்தவன் மறியலுக்குப் போகட்டும். கூரைக்குச் சேர்த்த காணிக்கையை ஏன் தொடவேண்டும்?

தோணிக்காரி:
அண்ணை, அவன் கையில் ஞாயிறு பள்ளிச் சாவியைக் கொடுத்தது யார்? தாய் சபையை நம்பித்தானே பிள்ளையை அனுப்பினாள். பள்ளிகளில் கற்பிக்கும் கத்தோலிக்கத் துறவறச் சபையான டி லா சால் சகோதரர்கள் வழக்கில் 2012 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள். அவர்கள் அந்தச் சபையின் சம்பள ஊழியர்கள் இல்லை, சபை கம்பனியாகப் பதிவானதும் இல்லை. ஆனாலும் பள்ளியில் நடந்த துஷ்பிரயோகத்துக்குச் சபை பொறுப்பு.

உப்புவெளியான்:
அதே நீதிமன்றம்தான் 2023 இல் யெகோவாவின் சாட்சிகள் சபை ஒன்றை விடுவித்தது. மூப்பர் ஒருவர் 1990 இல் ஒரு பெண்ணை வல்லுறவு செய்தார். அது மூப்பர் பணியில் நடந்ததல்ல, நண்பராகப் பழகிய இடத்தில் நடந்தது என்றார்கள்.

தோணிக்காரி:
பாதிக்கப்பட்டவர் வளர்ந்த பெண், நடந்தது அந்த ஆளின் வீட்டில். நான் கேட்பது பிள்ளைகளையும் சபை கொடுத்த சாவியையும் பற்றி.

திருக்கடலூர்ப் பெடியன்:
இரண்டு பேரும் லண்டனிலேயே நிற்கிறீர்கள். இங்கே இலங்கையில் நட்டஈட்டு வழக்குக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம், காலக்கெடு இரண்டு வருடம். பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் 18 வயதுக்குப் பிறகே அது ஓடத் தொடங்கும். 20 வயதுக்குள் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? அப்புறம், யார் பெயரில் வழக்குப் போடுவது? அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சிறுவயதில் பாதிரியார் ஒருவரால் துஷ்பிரயோகம் செய்யப்பட்ட எல்லிஸ் என்பவர் 2007 இல் தோற்றது அதில்தான். திருச்சபை பதிவில்லாத சங்கம், அதன் பெயரில் வழக்குப் போட முடியாது, சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர் சபை பாதிரியாரின் செயலுக்குப் பொறுப்பல்ல என்றார்கள். 2018 இல்தான் சட்டம் மாற்றி அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

உப்புவெளியான்:
அப்போ சும்மா கும்பிட வருகிறவனின் வீடு வளவும் போகுமா?

தோணிக்காரி:
இல்லை அண்ணை. சபைக்கு வருவதால் மட்டும் யாரும் கடன்காரர் ஆவதில்லை. தெரிந்தும் சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கு அழைக்காமல் "ஜெபிப்போம்" என்று மூடிவைத்த நிர்வாகிதான் பயப்படவேண்டும். உங்கள் பொருளாளர் எந்தப் பக்கம்?

உப்புவெளியான்:
அவரைப் பற்றி இங்கே வேண்டாம், எனக்கு மச்சான் முறை. அடுத்த கூட்டத்தில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறேன். கூரைக் காசு விஷயத்தில் நான் மாறவில்லை.