பின்கட்டு அக்காவுக்கு ஒரு வீடு: காரைக்குடி, எங்கள் வீதிக் குழு

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருந்து பலகாரம் போடுகிற அக்காவை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பங்காளிகள் சேர்ந்து வீட்டை ஹோட்டலுக்கு விடப்போகிறார்களாம். நேற்றிலிருந்து மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள். பக்கத்தில் சின்ன வீடு எதுவும் காலியாக இருந்தால் சொல்லுங்கள்.

மீனா ஆச்சி: என்ன அநியாயம் இது! என் மகள் கல்யாணத்துக்கு மணகோலமும் அதிரசமும் அவள்தான் போட்டாள். எங்கள் இரண்டாம் கட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் வந்து படுத்துக்கொள்ளட்டும். தண்ணீரை இப்போதே இங்கே வந்து பிடித்துக்கொள்ளச் சொல்.

வள்ளியப்பன்: செல்விம்மா, பயந்துபோய் சாமானை வெளியே எடுத்துவிட வேண்டாம் என்று முதலில் அவளிடம் சொல். குடியிருக்கிற ஆளின் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. நம் மாநிலத்தின் 2017 வாடகைச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாயால் கெடு வைத்து யாரையும் வெளியேற்ற முடியாது. அக்ரிமென்ட் ஏதாவது இருக்கிறதா?

செல்வி: இல்லை அண்ணே. அட்வான்ஸ் 30,000 ரூபாய், எல்லாம் வாய்ப்பேச்சுதான். வாடகை மட்டும் மாதாமாதம் ஜிபேயில் போட்டிருக்கிறார்.

வள்ளியப்பன்: ஜிபேயில் போட்டது நல்லதாகப் போயிற்று. முதல் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்.

ஆனால் எழுத்து இல்லாதது பெரிய பலவீனம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாத அக்ரிமென்ட் என்றாலும் இதே விதிதான். ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். எழுதிக் கொடுக்காதது அவர், வீட்டை இழப்பது அவள். எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். வருவாய்த் துறையில் இருந்தபோது மனு எடுத்துக்கொண்டு வருகிற பெண்களிடம் "பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்பேன். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும்.

சுப்பையா: அண்ணே, வீட்டுக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? எழுதிப் பதிந்துவிட்டால் ஆளைக் கிளப்பவே முடியாது என்று எங்கள் அப்பா சொல்லுவார். கல்லுக்கட்டியில் இருந்த எங்கள் கடைக்கு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தோம்.

வள்ளியப்பன்: அப்பா பட்ட பாடு 1960-ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது தம்பி. அப்போது நியாய வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி நிர்ணயிப்பார், குடியிருப்பவரைக் கிளப்புவது அரிது. அதற்குப் பயந்துதான் நம் ஊரில் வீடுகளைப் பூட்டியே வைத்தார்கள். 2017 சட்டம் அதை நீக்கிவிட்டது. வாடகையை இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்ளலாம். இரண்டு மாத வாடகை நிலுவை வைத்தால் நீங்கள் நீதிமன்றம் போகலாம். வாடகையை ஏற்றுவதற்கு மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதிந்தால் உங்களுக்கும் பாதுகாப்பு.

நூருல்லா பாய்: அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்களே, அதற்கு ஏதாவது வரம்பு உண்டா?

வள்ளியப்பன்: மூன்று மாத வாடகை, பாய். ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்று ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. நம் சட்டத்தில் அந்த வாசலை அடைக்க வேண்டும்.

அழகம்மை (லீட்ஸ்): இப்போதுதான் பார்த்தேன். செல்வி அக்கா, புது வீட்டு அட்வான்ஸில் பாதி நான் தருகிறேன், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே இங்கிலாந்திலும் காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்ல வழி இருந்தது. 1988 வீட்டுவசதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. அதில் வீடிழந்து கவுன்சில் (உள்ளாட்சி அலுவலகம்) வாசலில் நின்ற குடும்பங்கள் ஏராளம். 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது, 2026 மே 1-ஐ அதற்கு நாளாகக் குறித்தார்கள். இனி வீட்டுக்காரர் விற்கவோ தானே குடியிருக்கவோ வேண்டும் என்றால் நான்கு மாத நோட்டீஸ். அதுவும் முதல் ஒரு வருஷத்துக்குள் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இங்கே 2017-இல் வந்த இன்னொரு சட்டம். 56 நாளுக்குள் ஒருவர் வீடிழக்கும் நிலை வந்தாலே கவுன்சில் உதவியைத் தொடங்க வேண்டும். தெருவுக்கு வந்த பிறகு தேடுவதில்லை, வருவதற்கு முன்பே.

மீனா ஆச்சி: நம் ஊருக்கு வேண்டியது அதுதான் அழகு. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற அந்தப் பெரியவரை நினைத்துப் பாருங்கள். ஆயுசு முழுக்க ஒரு வீட்டைக் காவல் காத்தவர். அந்த வீட்டை விற்று, பர்மாத் தேக்குத் தூண்களைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். அவருக்கு ஒரு மாசம் கெடுகூடக் கொடுக்கவில்லை.

வள்ளியப்பன்: ஆச்சி சொல்வது நெஞ்சில் அறைகிறது. காவல்காரர் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த இடத்தில் உரிமை வராது என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சொத்தை ஒருவர் அபகரிக்கக் கூடாது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உரிமை வேறு, அவகாசம் வேறு. வாடகைதாரர் என்று பேர் இல்லாதவருக்கும் சில மாதம் நோட்டீஸ், போக ஓர் இடம், இரண்டும் சட்டத்தில் வர வேண்டும். சாவியை நம்பிக் கொடுத்த மனிதரைச் சாக்கடை ஓரத்தில் விடலாமா?

நகர்ப்புற வீடற்றோருக்காக மத்திய அரசு வகுத்த திட்ட விதியில், ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேராவது தங்கக்கூடிய நிரந்தர இல்லம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே காரைக்குடி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, இப்போது மாநகராட்சி வேறு. திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகவே கொடுப்போம். யார் வருகிறீர்கள்?

நூருல்லா பாய்: நான் வருகிறேன். வண்டியும் என்னுடையது. ஐந்து பேர் உட்காரலாம்.

சுப்பையா: நானும் வருகிறேன். அண்ணே, என் மாடியில் இரண்டு யூனிவர்சிட்டிப் பையன்கள் எழுத்து இல்லாமல்தான் இருக்கிறார்கள். ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி அனுப்புங்கள்.

வள்ளியப்பன்: அனுப்புகிறேன் தம்பி. கையெழுத்துப் போட்ட 90 நாளுக்குள் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். செல்விம்மா, அக்காவின் மனு தனியாக இருக்கட்டும். தண்ணீரை நிறுத்திய தேதி, ஜிபே ரசீது, கரண்ட் பில் மூன்றும் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, நானே எழுதித் தருகிறேன். அதற்குள் யாராவது பூட்டுப் போட வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்.

செல்வி: சரி அண்ணே. அக்கா பக்கத்தில்தான் இருக்கிறார், படித்துக் காட்டினேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறோம்.