1971 கருக்கலைப்புச் சட்டம்: பழைய நாளிதழ்கள் எங்கே பார்க்கலாம்?

வணக்கம். கருக்கலைப்பு விஷயத்தில் ஒரே கட்சிக்குள் ஏன் சண்டை வருகிறது என்று எங்கள் வேளச்சேரி வாசிப்பு வட்டத்தில் பேசப் போகிறேன். அயர்லாந்துப் பகுதி தயார். கருச்சிதைவு தொடங்கியும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு 2012-ல் இறந்த சவிதா ஹாலப்பனாவர், கர்நாடகப் பெண், பல் மருத்துவர், வயது 31. நினைத்தாலே மனசு ஆறவில்லை. தாய் உயிருக்கு ஆபத்தென்றால் கருக்கலைப்பை அனுமதிக்கும் 2013 மசோதாவை எதிர்த்து வாக்களித்த இணையமைச்சர் லூசிண்டா கிரைட்டனை, அவருடைய கட்சியான ஃபினே கேல் தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்தே நீக்கியது. 2018-ல் அங்கே இன்னொரு கட்சியான ஃபியன்னா ஃபாயில், இதே விஷயத்தில் தன் உறுப்பினர்களை மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டது. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

நம் நாட்டுப் பகுதியில்தான் முட்டி நிற்கிறேன். 1971 சட்டம் வந்தபோது ஆளுங்கட்சிக்குள்ளேயே யாராவது எதிர்த்துப் பேசினார்களா? அந்த வருடத் தமிழ் நாளிதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் போகலாமா, இல்லை கன்னிமாராவா? ஆய்வுக்காக அங்கே போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்களேன்.