கார்ப்பெட் ஓரத்துக் கறுப்புக் கோடு: உங்களுக்கும் நடந்ததா?

கதவடி

வீட்டைக் காலி பண்ணும் நாள். சாமான் எல்லாம் போயாச்சு, சாவி மட்டும் கையில். சரிபார்க்க வந்தவர் படுக்கையறைக் கதவைத் திறந்தார், குனிந்தார், "இங்க என்னத்தை எரிச்சீங்க?" என்றார். கதவு மூடினால் எங்கே நிற்குமோ அதே இடத்தில், அதே நீளத்துக்கு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. வாரம் தவறாமல் வாக்கும் கிளீனர் போட்ட அறை அது.

நான் பதில் பேசாமல் கதவைச் சாத்தினேன். கோடு கதவுக்கு அடியில் போய்விட்டது. திறந்தேன், மறுபடி வந்தது. எரித்திருந்தால் கதவின் அளவு பார்த்தா எரியும்? அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாளில் "தீய்ந்த தடம், பராமரிப்பு போதாது" என்று எழுதினார். முன்பணத்தில் பிடித்ததைக் கூட விட்டுவிடலாம். அந்தப் "பராமரிப்பு போதாது" இன்னும் உறுத்துகிறது. இந்த மாதிரி ஆளிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள்?

ஒல்லிமூக்கு

பேசவே முடியவில்லை, அதுதான் என் கதை. எங்களுக்குக் கதவடியில் இல்லை, சுவரோரம். அத்தை வந்திருந்தபோது சோபாவை நகர்த்த வேண்டியிருந்தது. ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரடியில் ஓடும் பட்டையை, ஒட்டி ஒரு விரல்கடை அகலத்துக்குக் கறுப்பு. அத்தை குனிந்து ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு வார்த்தை இல்லை. அப்படியே போய்க் கை கழுவினார்.

"அது காற்று செய்கிற வேலை அத்தை" என்று பின்னாலேயே போய்ச் சொல்லவா முடியும்?

தரைவேலை

கார்ப்பெட் போடுறதும் கழுவுறதும்தான் நம்ம தொழில். இந்தக் கோட்டைப் பார்த்தா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. பூஞ்சைம்பாங்க, பெயின்ட்காரன் சிந்துனதும்பாங்க, நாய் மேல பழி போடுவாங்க.

எனக்கு மறக்காதது ஒரு ஹால். சுவரோரத்துல இருந்தா யாரும் பயப்பட மாட்டாங்க. இது நட்ட நடு ஹால்ல, ஒண்ணுக்கொண்ணு இணையா, கோடு கோடா. வீட்டுக்காரம்மா முகமே சரியில்ல. மூலையில ஆணிப்பட்டையில இருந்து, அதான் கார்ப்பெட் ஓரத்தைப் பிடிச்சு வெக்கிற ஆணி வெச்ச மரப்பட்டை, கார்ப்பெட்டை உருவி மடக்குனேன். அடிமெத்தையிலயும் கறுப்பு. அதையும் தூக்குனா பலகைத் தரை. மேல எங்கெங்க கோடோ, கீழ அங்கங்க ரெண்டு பலகைக்கு நடுவுல இடுக்கு. அந்தம்மா முட்டி போட்டு உக்காந்து, இடுக்கு மேல உள்ளங்கையை வெச்சாங்க. "காத்து வருதே!"ன்னாங்க. அந்தக் குரல்ல இருந்த நிம்மதி இருக்கே.

அவ்வளவுதான் விஷயம். இடுக்கு வழியா காத்து போகுது, வருது. நடுவுல கார்ப்பெட் ஃபில்டரா நிக்குது. காத்து நாரைத் தாண்டிப் போயிடும், அதுல மிதக்கிற கரியும் அடுப்பங்கரை எண்ணெய்ப் புகையும் வண்டிப் புகையும் நார்ல தங்கிடும். ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும், கீழான துகள்தான் நிறைய. தலைமுடி தடிமன் 50ல இருந்து 100 மைக்ரான்னா கணக்குப் போட்டுக்குங்க. எண்ணெய்ப் பசையோட ஒட்டியிருக்கிறதால சும்மா வாக்கும் இழுத்தா அசையாது.

கதவடி சார், உங்க ரூமுக்குள்ள வீடு முழுக்க ஓடுற ஏசியோட காத்து வர்ற வழி இருந்து, காத்து திரும்பிப் போற கம்பி ஜாலி வெளியே நடைவழியில இருந்திருக்கும். கதவைச் சாத்திட்டுத் தூங்குனா அத்தனை காத்தும் கதவுக்கு அடியிலதான் போயாகணும். வேற வழி ஏது?

புகைக்கூண்டு

தரைவேலை அண்ணன் சொல்வது பாதிதான். காற்று எல்லா வீட்டிலும் போகிறது. எல்லா வீட்டிலுமா கோடு விழுகிறது? கரி எங்கிருந்து வந்தது என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

என் தங்கைக்கு வாசனை மெழுகுவர்த்திப் பைத்தியம். கண்ணாடிக் குவளையில் வருமே, அது. ஒரு நாள் ராத்திரி குவளையைத் தரையில் மூலையில் வைத்து ஊதி அணைத்தாள். புகை மேலே எழும்பவில்லை. சுவர்ப்பக்கம் சாய்ந்து, ஸ்கர்ட்டிங்குக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் நூலாக நுழைந்து காணாமல் போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் விளக்கைப் போட்டுப் பார்த்தால், அந்த மூலையில்தான் கோடு அடர்த்தி. சுவரில் கூட, உள்ளே மரச்சட்டம் ஓடுகிற இடங்களில் சாம்பல் பட்டை தெரிந்தது.

திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி வைத்தாலே புகை குறையும். கதவடி நண்பரே, உங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

தரைவேலை

மெழுகுவர்த்தியே கண்ணுல காட்டாத வீட்டுலயும் பார்த்திருக்கேன் தம்பி. ரோட்டைப் பார்த்த வீடு, ஜன்னல் எப்பவும் திறந்தே கிடக்கும். அங்க கரி வெளியே இருந்து வந்துச்சு.

கதவடி

மெழுகுவர்த்தி கிடையாது. ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கிடையாது. விசாரணை முடிந்ததா?

நுனிநார்

என் அனுபவம் சிறியது. எங்கள் படிக்கட்டில் கம்பளிக் கார்ப்பெட். படியின் இரு ஓரமும் கறுத்திருந்தது. கழுவ வந்த பையன் முரட்டு முள் பிரஷ் ஒன்றை எடுத்து மும்முரமாகத் தேய்த்தான். கோடு மங்கியது உண்மை. ஆனால் அந்த ஓரம் நெடுக நூல் பிரிந்து பஞ்சு எழும்பி நின்றது. பெருமையாக வேறு நிமிர்ந்து பார்த்தான். என்ன சொல்வது?

எனவே, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைத் தொடுவதற்கு முன் காய்ந்த நிலையிலேயே வாக்கும் கிளீனரில் இடுக்குக்கான ஒல்லி மூக்கை மாட்டி ஓரம் ஓரமாக உறிஞ்சுங்கள். எடுத்த எடுப்பில் நனைத்தால் கரி குழம்பாகி வேருக்கு இறங்கிவிடும். அதில் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இழுத்த நுண்தூசியில் ஒரு பங்கைப் பின்பக்கமாக அறைக்கே ஊதிவிடும். அடுத்து, நார் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பளி என்றால் கரைசலின் பிஹெச் (அமில-கார அளவு) 8.5ஐத் தாண்டக்கூடாது. பாலிப்ரொப்பிலீன் என்கிற செயற்கை நார் காரத்தைத் தாங்கும், ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதற்கு சால்வென்ட், அதாவது எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் திரவம், கலந்த கரைசல் வேண்டியிருக்கும். சால்வென்ட்டை ஊற்றக் கூடாது, துணியில் தொட்டுத்தான் வைக்க வேண்டும். அடியில் இருக்கும் லேடெக்ஸ் பசை இளகினால் கார்ப்பெட் இரண்டு அடுக்காகப் பிரியும். எதுவானாலும் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

தெளித்து 10 முதல் 15 நிமிடம் ஊற விடுங்கள், காய விடாதீர்கள். மென்மையான பிரஷ், இல்லையென்றால் வெள்ளைத் துண்டு. ஒற்றி ஒற்றி எடுங்கள். துண்டில் சாம்பல் நிறம் ஏறுகிற வரைக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிறகு வெந்நீரைப் பாய்ச்சி உடனே உறிஞ்சுகிற மெஷினால் அலசுங்கள், சோப்பு தங்கினால் அடுத்த அழுக்குக்கு அதுவே பசை. ஈரம் மிஞ்சினால் சணல் அடித்துணியிலிருந்து பழுப்பு மேலேறி வரும், ஆணிப்பட்டையின் ஆணியும் துருப்பிடிக்கும். மின்விசிறியை ஓட விடுங்கள். ஒரே நாளில் முழுவதும் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பழைய கோடு என்றால் லேசான நிழல் தங்கத்தான் செய்யும்.

வெள்ளைத்துண்டு

நுனிநார் ஒன்றை விட்டுவிட்டார். ப்ளீச். பக்கத்து வீட்டு அண்ணா, நல்ல மனிதர், "நான் பார்த்துக்கறேன் விடுங்க" என்று பாட்டிலோடு வந்துவிட்டார். சாம்பல் நிற நைலான் கார்ப்பெட். காய்ந்த பிறகு போய்ப் பார்த்தோம். கோடு அப்படியே கறுப்பு. அதைச் சுற்றிய சாம்பல் மட்டும் வெளுத்து மஞ்சளாகி, முன்பு யார் கண்ணிலும் படாத கோடு இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது. அண்ணா கொஞ்ச நேரம் பார்த்தார், "இன்னொரு தடவை ஊத்தலாமா?" என்றார்!

ப்ளீச் சாயத்தைத்தான் தின்னும், கரியை ஒன்றும் செய்யாது. கம்பளியாக இருந்திருந்தால் நாரே கரைந்திருக்கும்.

கதவடி

அன்புள்ளவர்களே, நான் காலி பண்ணிவிட்டு வந்த வீடு அது. கோட்டை எப்படி எடுப்பது என்று நான் கேட்கவேயில்லை. அந்த ஆளிடம் எப்படிப் பேசுவது என்றுதான் கேட்டேன்.

தரைவேலை

சார் கேட்டது நியாயம். கதவைச் சாத்தி ஒண்ணு, திறந்து ஒண்ணு படம் எடுத்து வெச்சிருந்தா அனுப்புங்க. தீய்ஞ்சிருந்தா நார் நுனி உருகிக் கெட்டியா இருக்கும், கம்பளின்னா பொரபொரன்னு உதிரும். பூஞ்சைன்னா ஈரமும் வாடையும் இருக்கும். உங்க கோட்டுல நார் முழுசா இருக்கும், வெள்ளைத் துணியை வெச்சு அழுத்துனா கறுப்புப் பொடி ஒட்டும். அதை அங்கேயே செஞ்சு காட்டச் சொல்லி எழுதுங்க. எங்கள மாதிரி கழுவுற ஆள் யாராவது ஒருத்தரை வெச்சு ரெண்டு வரி எழுதி வாங்குனா இன்னும் நல்லது.

ஒல்லிமூக்கு

தரைவேலை அண்ணே, ஒரு சந்தேகம். இடுக்கை அடைக்காமல் கழுவினால் திரும்ப வரும் என்பது புரிகிறது. கார்ப்பெட்டைத் தூக்காமல் அடைக்க வழி உண்டா?

தரைவேலை

ஸ்கர்ட்டிங் ஓரம்னா பாதி முடியும். கார்ப்பெட் ஓரத்தை மட்டும் ஆணிப்பட்டையில இருந்து கழட்டி மடக்கிட்டு, சுவரும் தரையும் சேர்ற இடத்துல இடுக்கை அடைக்கிற சீலன்ட் பசையை இழுத்து, காய்ஞ்சதும் திரும்ப மாட்டிடலாம். நடு ஹால் பலகை இடுக்குன்னா தூக்கித்தான் ஆகணும். கதவடியை மட்டும் அடைச்சுடாதீங்க. காத்து திரும்பிப் போக வேற வழி வெச்சுட்டு அப்புறம் அடைங்க, இல்லன்னா ஏசி திணறும்.