மே லீவுல சுவிட்சர்லாந்து, கூட 68 வயசு அத்தை – பேக்கேஜா, சொந்தமாவா?

அண்ணாநகர்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். மே லீவுக்கு மதுரைல இருந்து குடும்பத்தோட சுவிட்சர்லாந்து போகலாம்னு பேசிட்டு இருக்கோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு (14, 8), அப்புறம் எங்க அத்தை. அத்தைக்கு முட்டி வலி இருக்கு, பிபி மாத்திரை போடுறாங்க, சுத்த சைவம். இங்க ஒரு டிராவல்ஸ்ல கேட்டா 10 நாள்ல 6 நாடு பேக்கேஜ்னு ஒரு லிஸ்ட் குடுத்தாங்க, அதப் பாத்ததும் எனக்கு திக்குனு ஆகிருச்சு, தினமும் விடியக்காலம் பெட்டியக் கட்டிட்டு பஸ் ஏறணும், அத்தை எப்படித் தாங்குவாங்க? வீட்டுக்காரர் என்னன்னா இவ்ளோ செலவு பண்ணிட்டு ஒரு நாடு மட்டும் பாத்தா எப்படிங்கிறாரு. அத்தைய விட்டுட்டுப் போற பேச்சுக்கே இடமில்ல, அவங்க பழனி, திருச்செந்தூர் தாண்டி எங்கயும் போனதில்ல. யுங்ஃப்ராவ் பனிமலை மேல கூட்டிட்டுப் போலாமா, சாப்பாட்டுக்கு என்ன பண்றது, விசா எப்ப போடணும்? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குன்றத்துப்பையன்:
அக்கா, நாங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டுத்தான் போனோம். 6 நாடுன்னா முக்காவாசி பஸ் ஜன்னல்லயே போயிரும். ஒரே நாடு போதும், அதுலயும் ரெண்டே ஊர்ல தங்குங்க, இன்டர்லாக்கன் பக்கம் பாதி நாளு, லூசர்ன்ல மீதி. சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்துட்டா ரயில், பஸ், ட்ராம், ஏரில ஓடுற கப்பல் எல்லாம் அதுலயே வந்துரும். 6ல இருந்து 15 வயசு வரைக்கும் உள்ள பசங்க அப்பா அம்மாகூட வந்தா ஃபேமிலி கார்டுல ஃப்ரீ, பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்கிருங்க.

துன் ஏரி, பிரியன்ஸ் ஏரி ரெண்டுலயும் கப்பல் இருக்கு. எங்கம்மாவுக்கு மலைய விட அதுதான் ரொம்பப் புடிச்சுது. பிரியன்ஸ் தண்ணி பால் கலந்த பச்சையா இருக்கும், கரையோரம் பூராம் மரவீடு, ஒவ்வொரு துறையிலயும் கப்பல்காரர் கயித்தை மாட்டி இழுத்துக் கட்டி பலகையப் போட்டுட்டு வயசானவங்களுக்கு கையப் புடிச்சு எறக்கி விடுவாரு. அம்மா உக்காந்த எடத்துலயே ஊரெல்லாம் பாத்துட்டாங்க. அப்புறம் லாட்டர்ப்ரூனன்ல ஸ்டௌப்பாக் அருவி, கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம், ஏறவே வேணாம், தெருவுல நின்னே பாக்கலாம். மே மாசம் பனி உருகுற நேரம், தண்ணி நல்லா கொட்டும்.

செல்லூர்_சரவணன்:
பேக்கேஜ்ல ஒரு நல்லது இருக்கு, வேளா வேளைக்கு நம்ம சாப்பாடு போட்டுருவாங்க, அதையும் யோசிச்சுக்கங்க.

கேகேநகர்_டீச்சர்:
மீனா, அந்த மலைல ரயில் போய் நிக்குற யுங்ஃப்ராவ்யோக் ஸ்டேஷன் 3454 மீட்டர்ல இருக்கும்மா. நம்ம கொடைக்கானலே 2100 சொச்சம்தான். பிபி உள்ளவங்கள டாக்டர்ட்ட கேக்காம அங்க ஏத்தாதீங்க. உங்க வீட்டுக்காரரும் பெரிய பையனும் போயிட்டு வரட்டும், அந்த ரயில்ல மேல் பகுதிக்கு பாஸ்ல தள்ளுபடி மட்டும்தான், முழுசா வராது. அத்தைக்கு ரிகி மலை போதும், உச்சியே 1800 மீட்டருக்குள்ளதான். லூசர்ன்ல கப்பல் ஏறி விட்ஸ்னாவ்ல எறங்குனா நம்ம ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கர ரயில் நிக்கும், 1871ல போட்டது, ஐரோப்பாவுலயே முதல் பல்சக்கர மலை ரயில், அதுக்கு பாஸே போதும்.

விசாவ 6 மாசம் முன்னாடியே போடலாம், கடைசி 15 நாள் வரைக்கும் இழுக்காதீங்க, மே மாசத்துக்கு கூட்டம் அள்ளும். பெரியவங்களுக்கு 90 யூரோ, சின்னவனுக்கு 45, பெரிய பையனுக்கு முழு காசுதான். 12 வயசு ஆன எல்லாரும் கைரேகை குடுக்கணும், அதனால அத்தையும் சென்னைக்கு வரவேண்டியிருக்கும். மருத்துவ இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்கு கம்மியா இருக்கக் கூடாது.

மேலூர்_டு_பெர்ன்:
நான் இங்க பெர்ன்லதான் இருக்கேன் மதினி. ஹோட்டலுக்குப் பதிலா கிச்சன் உள்ள அபார்ட்மென்ட் எடுங்க. அரிசி, பருப்பு, தயிரு, காய்கறி எல்லாம் கோஆப், மிக்ரோஸ்ங்கிற சூப்பர் மார்க்கெட்ல கெடைக்கும், ஆனா ஞாயித்துக்கிழமை பெரிய ஸ்டேஷன் கடைகள விட்டா எல்லாம் மூடிருப்பாங்க, சனிக்கிழமையே வாங்கி வச்சிருங்க. ஊர்ல இருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு வாங்க. நெய், பால்கோவா, பச்சைக் கருவேப்பிலை எதுவும் வேணாம், பால் பொருளுக்கும் பச்சை இலைக்கும் இங்க தடை, ஏர்போர்ட்ல எடுத்துருவாங்க.

அத்தைய ஒரு நாள் பெர்னுக்கு கூட்டிட்டு வாங்க, இன்டர்லாக்கன்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளதான். ஐரோப்பாபிளாட்ஸ்ல பல சமயத்துக்காரங்களுக்கும் சேத்து 2014ல ஒரு கட்டடம் தொறந்தாங்க, அதுக்குள்ள ஞானலிங்கேச்சுரர் கோவில் இருக்கு, ஈழத்துக்காரங்க நடத்துறாங்க, பூசை தமிழ்லயே நடக்கும். தேவாரம் காதுல விழுந்தா அவங்களுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, பசங்ககிட்ட சொல்லுங்க, நம்ம ஊட்டி மலை ரயிலோட பல்சக்கர முறை ரோமன் ஆப்ட்னு ஒரு சுவிஸ் இன்ஜினியர் கண்டுபுடிச்சது, மேட்டுப்பாளையத்துல ஓடுன பழைய நீராவி இன்ஜின்கள் இங்க வின்டர்தூர்ங்கிற ஊர்ல செஞ்சு வந்ததுதான். அதே முறைல பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலை ரயில் 1892ல இருந்து இருக்கு, இன்னும் நீராவில ஓடுது.

அண்ணாநகர்_மீனா:
ரொம்ப ரொம்ப நன்றி, கோவில் விஷயத்த அத்தைட்ட சொன்னேன், இப்பவே என்ன சேலை எடுத்து வைக்கிறதுன்னு கேக்குறாங்க. வீட்டுக்காரரையும் படிக்க வச்சேன், ஒரு நாடுதான்னு முடிவு. அந்த நீராவி ரயில் மே மாசம் ஓடுமா? அப்புறம் மதுரைல இருந்தே துபாய் போய் அங்க வேற டிக்கெட்ல மாறிக்கலாமா?

மேலூர்_டு_பெர்ன்:
ரோட்ஹார்ன் ரயில் பெரும்பாலும் ஜூன்லதான் ஆரம்பிக்கும், மேல பனி கெடக்கும். நீங்க மே வந்தா ரிகிதான். தனித்தனி டிக்கெட் மட்டும் வேணாம், முதல் விமானம் லேட்டானா ரெண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்ல, வயசானவங்கள வச்சுக்கிட்டு துபாய்ல அல்லாட முடியாது. சென்னைல இருந்து ஒரே டிக்கெட்டா போடுங்க, புக் பண்ணும்போதே அத்தைக்கு வீல்சேர் கேட்டுருங்க. முந்துன நாள் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறி தாம்பரத்துல எறங்குனா ஏர்போர்ட் பக்கந்தான்.