சுன்னத் செய்துகொண்டால் காண்டம் வேண்டாமா? கிசுமுவிலிருந்து ஒரு கேள்வி

மருதமுத்து_கே
நண்பர்களே, நான் கென்யாவில் கிசுமு பக்கம் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இங்கே எச்ஐவி தடுப்புக்காக ஆண்களுக்கு முன்தோல் நீக்கும் ஆபரேஷனை இலவசமாகச் செய்கிறார்கள். இந்தப் பக்கத்து லுவோ மக்களிடம் முன்பு இந்த வழக்கமே கிடையாது, கீழ்ப்பற்கள் ஆறைப் பிடுங்குவதுதான் அவர்களுடைய பழைய சடங்காம். எங்கள் சைட்டில் ஒரு பையன் போன வாரம் செய்துகொண்டு வந்தான். "60 சதவீதம் பாதுகாப்பு வந்துவிட்டது, இனிமேல் காண்டம் எதற்கு" என்கிறான். நல்ல பையன், காதலி இருக்கிறாள், அதனால்தான் கவலையாக இருக்கிறது. இந்த 60 சதவீதம் உண்மையா? அந்தப் பெண்ணுக்கும் இதில் பாதுகாப்பு உண்டா?

தென்கரை
உண்மைதான், ஆனால் அவன் புரிந்துகொண்ட மாதிரி இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்ச் ஃபார்ம், உகாண்டாவில் ராக்காய், அப்புறம் நீங்கள் இருக்கும் அதே கிசுமு, இந்த மூன்று இடங்களிலும் பெரிய ஆய்வுகள் நடந்தன, ஆணுக்கு எச்ஐவி வரும் ஆபத்து சுமார் 50 முதல் 60 சதவீதம் வரை குறைந்தது. கிசுமுவில் 18 முதல் 24 வயது வரை 2,784 இளைஞர்கள். இரண்டு வருடத்தில், ஆபரேஷன் செய்யாதவர்களில் 4.2 சதவீதம் பேருக்கு எச்ஐவி வந்தது, செய்தவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு. பாதியாகக் குறைந்தது பெரிய விஷயம், அதனால்தான் ஆய்வையே பாதியில் நிறுத்தி மற்றவர்களுக்கும் ஆபரேஷன் செய்ய முன்வந்தார்கள், 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆனால் அந்த 2.1 சதவீதம் பேரும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் என்பதை அவனிடம் சொல்லுங்கள். ஒழுங்காக ஒவ்வொரு முறையும் காண்டம் போட்டால் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைகிறது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒன்று இருக்கிறது என்று இன்னொன்றை விடுவது நஷ்டக் கணக்கு.

செவிலி_மேரி
எல்லோரும் ஆணைப் பற்றியே பேசுகிறோம், அந்தப் பெண்ணைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். மூன்று ஆய்வுகளும் பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவதைத்தான் பார்த்தன. முன்தோலின் உட்பக்கம் மென்மையானது, வைரஸ் பிடித்துக்கொள்ளும் செல்கள் அங்கே நிறைய, அதை எடுத்துவிட்டால் ஆணுக்குள் நுழையும் வழி குறைகிறது. அவனுக்கு ஏற்கெனவே எச்ஐவி இருந்தால் இதனால் அவளுக்கு என்ன லாபம்? ராக்காயிலேயே அதையும் சோதித்துப் பார்த்தார்கள், எச்ஐவி உள்ள ஆண்களுக்கு ஆபரேஷன் செய்ததால் மனைவிமாருக்குத் தொற்று குறையவில்லை. அதைவிட முக்கியம், புண் ஆறுவதற்கு முன்பே உடலுறவு வைத்துக்கொண்ட ஜோடிகள் வெறும் 18தான், அதில் 5 பெண்களுக்கு ஆறு மாதத்துக்குள் தொற்று வந்துவிட்டது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனாலும் ஒரு செவிலியாக எனக்கு அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. போன வாரம்தான் செய்தான் என்றீர்களே, அப்படியானால் முழுசாக ஆறு வாரம் உடலுறவே கூடாது, அதற்குப் பிறகும் காண்டம் கட்டாயம். இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

கார்த்தி_திருச்சி
எனக்கு இந்தத் திட்டத்தின் மேலேயே சந்தேகம். ஆப்பிரிக்காவில் லெசோதோ என்ற நாட்டில் சுன்னத் செய்தவர்களிடம்தான் எச்ஐவி அதிகம் என்று சர்வே வந்ததே? நல்லா இருக்கிற உடம்பை வெட்டுவதற்குப் பதில் அந்தக் காசில் காண்டம் கொடுக்கலாமே?

தென்கரை
கார்த்தி, அந்த சர்வே நிஜம்தான், ஆனால் அங்கே பெரும்பாலும் சடங்கில் செய்துகொண்டவர்கள். ராணுவத்தில் சேர வந்தவர்களைப் பரிசோதித்தபோது, செய்துகொண்டேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்கு முன்தோல் முழுசாக நீக்கப்படவே இல்லை. அதை வைத்து மருத்துவமனை ஆபரேஷனை எடை போட முடியாது. காண்டத்துக்குக் காசு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆணுறை ஒவ்வொரு இரவும் எடுக்க வேண்டிய முடிவு, குடித்திருந்தாலும் எடுக்க வேண்டும், ஆபரேஷன் ஒரே தடவை, அதனால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்: இத்தனை பேருக்குச் செய்தோம் என்று கணக்குக் காட்டும் அவசரத்தில், செய்துகொண்டவனை உட்காரவைத்து அரை மணி நேரம் பேச மறந்துவிடுகிறார்கள், மருதமுத்து சொன்ன பையன் மாதிரி ஆட்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். அப்புறம் இந்தப் பரிந்துரையே தொற்று மிக அதிகமாகவும் சுன்னத் குறைவாகவும் உள்ள கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குத்தான், நம் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

மருதமுத்து_கே
நன்றி எல்லோருக்கும். மேரி அக்கா, ஆறு வாரக் கணக்கு அவனுக்குத் தெரியவே தெரியாது, மூன்று வாரம் என்று நினைத்திருக்கிறான். டெஸ்ட் எடுத்தானா என்று கேட்டேன், அவன் மட்டும் எடுத்தானாம்.

செவிலி_மேரி
அவளையும் கூட்டிக்கொண்டு போய் எடுக்கச் சொல்லுங்க தம்பி. யாருக்காவது பாசிட்டிவ் என்றால் உடனே எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை ஆரம்பிக்கலாம், வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவில் துணைக்குப் பரவாது. தொற்று இல்லாதவர் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பிரெப் மாத்திரையும் கென்யாவில் 2017-லிருந்து கொடுக்கிறார்கள், ஆபரேஷன் செய்த இடத்திலேயே விசாரிக்கச் சொல்லுங்க.