மரத்தூள் சூளையில் கிண்ணங்கள் வெடிக்கின்றன, உதவி தேவை

களிமண்காரி:
வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு. மின்சூளை வாங்க வசதியில்லை. தெகிவளையில் சித்தப்பாவின் பின்வளவில், துளையிட்ட தகரப் பீப்பாயில் மரத்தூள் நிரப்பிக் கிண்ணங்களைச் சுடுகிறேன். நன்றாக உலர்த்தியவைதான். இருந்தும் தீ மூட்டிச் சற்று நேரத்தில் 'டப்' என்று வெடிக்கின்றன. தப்பியவையும் முழுக்கக் கறுக்காமல் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கின்றன. சூடு போதவில்லையா?

பழைய சக்கரம்:
உடைந்த இடம் எப்படியிருக்கிறது தங்கச்சி? நீளக் கீறலா, சில்லாகப் பெயர்ந்ததா?

களிமண்காரி:
சில்லுதான் அண்ணா. அடிப்பக்கத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு. நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்திருக்கிறது.

பழைய சக்கரம்:
அப்படியானால் ஈரம்தான் காரணம். 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் தடித்த அடியில் சிக்கிய நீர் ஆவியாகி மண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். கன்னத்தில் வைத்தால் குளிரவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். கடற்காற்றில் எத்தனை நாள் வைத்தாலும், காற்றிலிருக்கும் ஈரத்தின் அளவு மண்ணுக்குள் தங்கத்தான் செய்யும். கேக் சுடும் அடுப்பில் 90 பாகையில் சில மணி நேரம் வைத்து, சூடு ஆறுமுன் பீப்பாயில் அடுக்குங்கள். சுட்ட மண்பாண்டத் துண்டுகளைப் பொடித்து மண்ணில் கலந்தால் ஆவிக்கு வழி கிடைக்கும். தீயை மேலிருந்து மூட்டுங்கள். தூள் மெல்லக் கனன்று கீழிறங்கட்டும்.

நீளக் கீறல் விழுந்தால் கதை வேறு. மண்ணிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) 573 பாகையில் சட்டென்று அளவு மாறும். ஆறுமுன் மூடியைத் திறப்பவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அது.

தச்சன் வீட்டுப் பிள்ளை:
சிவப்புக்குக் காரணம் காற்று. தூள் கனலத் தொடங்கியதும் மூடியைப் போட்டு, துளைகளில் பாதியை ஈரமண்ணால் அடையுங்கள். முழுவதையும் அடைத்தால் அணைந்துவிடும். எனக்கென்னவோ திட்டுகள்தான் அழகு. பொம்பரிப்பில், பழங்காலத்தவர் இறந்தோரைத் தாழிகளில் புதைத்த காட்டில் கிடைத்த பாண்டங்களும் கறுப்பும் சிவப்புமாகத்தானே இருக்கின்றன!

தூள் மொறட்டுவைப் பட்டறைகளிலிருந்தா? ஒட்டுப்பலகையோ வார்னிஷ் பூசிய மரமோ அறுத்த தூள் வேண்டவே வேண்டாம், புகை நஞ்சு. துத்தநாகம் பூசிய பீப்பாயும் அப்படியே. பக்கத்து வீட்டுக் கொடியில் உடுப்பு காய்கிறதா என்றும் பாருங்கள்.

களிமண்காரி:
மொறட்டுவைத் தூள்தான், பலதும் கலந்தது. மாற்றிவிடுகிறேன். இவற்றில் ரசம் ஊற்றிக் குடிக்கலாமா?

பழைய சக்கரம்:
வேண்டாம். இந்தச் சூட்டில் மண் இறுகாது, ரசம் கசியும். உலர்ந்த பூ வைக்கலாம்.